மணாலி – லே சைக்கிள் பயணம், செப்டம்பர்: காரைக்குடியிலிருந்து நான்கு பேர், 9 நாள் போதுமா?

செம்மண்தடம் (காரைக்குடி) – ஜூன் 8

வணக்கம். நாங்கள் நான்கு பேர், ஞாயிறுதோறும் காரைக்குடியைச் சுற்றி ஓட்டுகிறவர்கள். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் போய்த் திரும்புவது வழக்கம். மழை இல்லாத நாளில் திருமயம் கோட்டை வரை போவோம். கானாடுகாத்தான் பக்கம் கண்மாய்க்கரை செம்மண் பாதையிலும் நிறைய ஓட்டியிருக்கிறோம். மூன்று வருடமாக இது நடக்கிறது, ஒரே மூச்சில் 120 கிலோமீட்டர் ஓட்ட முடியும்.

இந்த வருடம் செப்டம்பரில் மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். எனக்கு இது பத்து வருட ஆசை. சாலை சுமார் 430 கிலோமீட்டர், ரோதாங் கணவாய் வழியாக ஏறினால் 470-க்கு மேல் வரும். அதைத் தவிர்த்து மலைக்கு அடியில் போகிற அடல் சுரங்கம் வேண்டாம், கணவாய் ஏறித்தான் போக வேண்டும் என்பதில் நால்வரும் ஒரே மனது.

திட்டம் இப்படி: செப்டம்பர் 12 மணாலி, மறுநாளே கிளம்பி ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிலோமீட்டர், 9 நாளில் லே, அங்கிருந்து விமானம். செப்டம்பரைத் தேர்ந்ததற்குக் காரணம் ஜூலை ஆகஸ்ட் மழையும் கூட்டமும் குறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னது. எங்களில் மூத்தவருக்கு வயது 56, மற்ற மூவரும் நாற்பதுகளில். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் இந்தத் திட்டத்தில் எது சரி எது தப்பு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கண்டனூர்க்காரன் – ஜூன் 8

தம்பி, முதலில் சந்தோஷம். நம்ம பக்கத்திலிருந்து நான்கு பேர் கிளம்புகிறார்கள் என்று படிக்கவே மனசு நிறைகிறது. நான் 2019 செப்டம்பரில் போனேன், இரண்டு பேராக. ரோதாங் ஏறித்தான் போனோம், அப்போது சுரங்கம் திறக்கவில்லை.

ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள். 9 நாள் போதாது. கால் வலு போதாது என்று சொல்லவில்லை, 120 கிலோமீட்டர் ஓட்டுகிற காலுக்கு அங்கே ஒரு நாளைக்கு 50 என்பது பெரிய தூரமே இல்லை. ஆனால் எந்த உயரத்தில் ஓட்டுகிறோம் என்பதைவிட எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் அங்கே கணக்கு. நாங்கள் அதைக் கணக்கில் வைக்கவில்லை. ஜிஸ்பாவில் 3,200 மீட்டரில் தூங்கி எழுந்து, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் பாரலாச்சா கணவாயைத் தாண்டிச் சர்ச்சு போய்ச் சேர்ந்தோம். கணவாய் ஏறத்தாழ 4,890 மீட்டர், சர்ச்சு 4,290. ஒரே இரவில் தூங்குகிற உயரம் 1,000 மீட்டருக்கு மேல் கூடிவிட்டது. சாயங்காலம் தேநீர் குடிக்கும்வரை ஒன்றுமில்லை. இரவு 10 மணிக்கு என் கூட வந்தவருக்குத் தலைவலி ஆரம்பித்தது, 12 மணிக்கு வாந்தி, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். கூடாரத்துக்கு வெளியே தண்ணீர் உறைந்து கிடக்கிறது, போனில் சிக்னல் கிடையாது.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. சர்ச்சுவிலிருந்து கீழே இறங்கினால் சரியாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சர்ச்சு இரண்டு கணவாய்களுக்கு நடுவில் இருக்கிறது. லே பக்கம் போனால் நக்கீலா, லாச்சுலுங்லா. மணாலி பக்கம் திரும்பினால் மறுபடி பாரலாச்சா. எந்தப் பக்கம் இறங்கவும் முதலில் ஏறியாக வேண்டும். காலையில் மணாலிப் பக்கம் போன ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார், கேலாங் வந்ததும் அவர் எழுந்து சாப்பிட்டார். என்ன சொல்ல, நாங்கள் லே போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் கூடுதலாக வைத்திருந்தால் சேர்ந்திருப்போம்.

செம்மண்தடம் – ஜூன் 9

அண்ணே, ரொம்ப நன்றி. சர்ச்சு விஷயம் இதுவரை யாருமே இப்படிச் சொல்லவில்லை, வரைபடத்தில் பார்த்தால் எனக்கும் தோன்றியிருக்காது. சிக்கல் விடுமுறைதான். எங்களில் ஒருவர் வங்கி, ஒருவர் பள்ளி, எனக்குக் கடை. ரயில் பயணத்தையும் சேர்த்தால் 9 நாளே 15 நாள் ஆகிவிடுகிறது. எத்தனை நாள் இருந்தால் சரி என்று நினைக்கிறீர்கள்? டாக்டர் யாராவது இருந்தால் இந்தத் தூங்கும் உயரம் பற்றி இன்னும் கொஞ்சம் விளக்க முடியுமா?

தேவகோட்டை டாக்டர் – ஜூன் 9

பொது மருத்துவன்தான் நான், சைக்கிள்காரன் அல்ல, ஆனால் மலை நடை போனதுண்டு.

காற்றில் ஆக்ஸிஜன் விழுக்காடு எங்கேயும் 21தான். குறைவது காற்றின் அழுத்தம். காரைக்குடியில் இருக்கிற அழுத்தத்தில் லேயில், அதாவது 3,500 மீட்டரில், ஏறத்தாழ 65 விழுக்காடு இருக்கும். தங்லங்லா கணவாயில் (5,328 மீட்டர்) பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்ஸிஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இதற்குப் பழகும், மூச்சு ஆழமாகும், சிறுநீரகம் இரத்தத்தின் அமிலக் காரச் சமநிலையை மாற்றும், நாள் போகப் போகச் சிவப்பணு கூடும். இதற்கெல்லாம் நாள் வேண்டும். எவ்வளவு பயிற்சி எடுத்தவராக இருந்தாலும் இந்த நாளைக் குறைக்க முடியாது. சொல்லப்போனால் நல்ல உடல்கட்டு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

மலை மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்வது இதுதான்: 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு இரவும் தூங்குகிற இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு. பகலில் உயரமான கணவாயைத் தாண்டி இரவு கீழே வந்து படுப்பது நல்லதே.

தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கமின்மை, இவை மலை நோயின் முதல் அறிகுறிகள். அங்கே தலைவலி வந்தால் வெயில், பட்டினி, முந்தின நாள் சாப்பாடு என்று சமாதானம் தேடாதீர்கள், வேறு காரணம் நிச்சயமாகும்வரை மலை நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. அதே இடத்தில் இருந்தும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை என்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது. ஆள் குழறிப் பேசுகிறார், தரையில் கோடு போட்டு அதன்மேல் குதிகாலை முன்விரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார் என்றால் மூளை வீங்குகிறது. இந்த இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நடு இரவானாலும் வண்டி பிடித்து இறக்க வேண்டும்.

டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். அசிட்டசோலமைடு என்பதும் அதுதான், 125 மில்லிகிராம் காலை மாலை என்பது மலை நோய்த் தடுப்புக்கு வழக்கமான அளவு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். உடம்பு பழகுவதை அது விரைவுபடுத்தும், பழகுவதற்கான நாளுக்கு மாற்றாகாது. உங்கள் மருத்துவரைப் பார்க்காமல் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

முற்றத்துத் திண்ணை – ஜூன் 10

அந்த 56 வயதுக்காரன் நான்தான். டாக்டர், எனக்கு ஆறு வருடமாக இரத்த அழுத்த மாத்திரை ஓடுகிறது, அளவு கட்டுக்குள் இருக்கிறது. நான் போகலாமா கூடாதா? வீட்டில் ஆச்சி இதை முடிவு செய்துவிட்டுத்தான் டிக்கெட் என்கிறாள்.

தேவகோட்டை டாக்டர் – ஜூன் 10

அண்ணே, அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் அது மட்டுமே தடை இல்லை. ஆனால் எந்த மாத்திரை என்பது முக்கியம். நீர் பிரிக்கிற வகை என்றால் டயமாக்ஸும் சேரும்போது உடம்பில் நீரும் உப்பும் குறையும். பீட்டா பிளாக்கர் வகை என்றால் ஏற்றத்தில் இதயத்துடிப்பு உயர வேண்டிய அளவு உயராது, ஏறவே கஷ்டமாக இருக்கும். ஜூலைக்குள் இதய மருத்துவரைப் பார்த்து டிரெட்மில் சோதனை எடுத்துவிட்டு, பயணத் திட்டத்தை ஒரு தாளில் உயரத்தோடு எழுதி அவரிடம் காட்டுங்கள். ஆச்சி கேட்பது நியாயமான கேள்வி.

புதுவயல் 24 – ஜூன் 10

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது அண்ணே. எனக்குத் தெரிந்த பையன்கள் பின்னால் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு 7 நாளில் முடித்திருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாமானெல்லாம் வண்டியில் போய்விட்டால் சைக்கிள் லேசாக இருக்கும், முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம். விடுமுறை இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. 20 நாள் என்று சொன்னால் நம்மில் யாருமே போக முடியாது.

கண்டனூர்க்காரன் – ஜூன் 11

தம்பி, உங்கள் நண்பர்கள் நன்றாகப் போய் வந்தது நல்லது. பின்னால் வண்டி இருப்பதும் நல்லதுதான், பணம் ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளட்டும், எங்களிடம் அன்று வண்டி இருந்திருந்தால் அந்த இரவு அப்படிக் கழிந்திருக்காது. ஆனால் சுமை குறைந்தால் சைக்கிள் வேகமாகப் போகும், இரத்தம் வேகமாகப் பழகாது. ஏழு பேரில் ஆறு பேருக்கு ஒன்றும் ஆகாது, ஏழாவது ஆள் யாரென்று கிளம்பும்போது தெரியாது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க எனக்குப் பழனி நடைதான் தோன்றுகிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக் குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கிறோமே, அதில் என்ன வழக்கம்? இன்றைக்கு எந்த ஊரில் தங்கல் என்பது முன்னாடியே முடிவானது. கால் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் மட்டும் அடுத்த தங்கலுக்குப் போய்விடுவதில்லை, பின்னால் வருகிறவருக்குக் காத்திருக்கிறோம். என் ஐயாவோடு எனக்குப் பதினோரு வயதில் முதல் நடை. இரண்டாம் நாளே நான் ஓடினேன், அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து வைத்தார், கொப்புளம் வந்தது யாருக்கு என்று பார்க்கச் சொன்னார். வேகமாகப் போன இரண்டு பேருக்குத்தான் வந்திருந்தது. மணாலி சாலையிலும் தங்கலை முதலில் எழுதுங்கள், தூரத்தைப் பிறகு பாருங்கள்.

இன்னொன்று, தேதி. செப்டம்பர் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மணாலி பக்கம் செப்டம்பர் நடுவரை மழை இருக்கும், ரோதாங்கைத் தாண்டினால் மழை மறைவுப் பகுதி, காய்ந்த மலை. அதனால் சிலர் மழை முழுக்க விடட்டும் என்று 20-க்கு மேல் கிளம்புகிறார்கள். 2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் லாஹௌல் பக்கம் எதிர்பாராத பனி கொட்டி நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் மீட்டார்கள். ஆகவே தங்லங்லாவை 20-க்கு முன் தாண்டிவிடுகிற மாதிரி கிளம்புவது நல்லது, மணாலி வரை வருகிற வழியில் மழைக்காக ஒரு நாள் கையில் இருக்கட்டும். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு குலு மணாலி சாலையை என்ன செய்தது என்று பார்த்தோமே.

ஸ்போக்கு கடை (காரைக்குடி) – ஜூன் 12

சைக்கிளைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். பத்தொன்பது வருடமாக இதே வேலை.

முதலில் கியர். நம்ம ஊரில் ஏற்றமே இல்லை, குன்றக்குடி மலையடிச் சரிவும் ரயில்வே மேம்பாலமும்தான். அதனால் நம்மிடம் வருகிற சைக்கிளில் லேசான கியர் எவ்வளவு லேசு என்று யாரும் பார்ப்பதில்லை. முன்னால் 22 பல், பின்னால் 34 பல் இருந்தால், 29 அங்குலச் சக்கரத்தில் ஒரு மிதிக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம். அந்த உயரத்தில் உங்கள் வேகம் அவ்வளவுதான் இருக்கும், அதனால் அந்த கியர் கட்டாயம் வேண்டும். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் உள்ளவர்கள் 32 பல்லோடு பின்னால் 51 வைத்திருந்தால் அதே கணக்கு வந்துவிடும். முன்னால் 36-ம் பின்னால் 36-ம் வைத்துக்கொண்டு போகாதீர்கள், முழங்கால் கேட்காது.

டயர் 2.1 அல்லது 2.25 அங்குலம். மலையில் ஏற ஏற வெளி அழுத்தம் குறைவதால் டயர் தானாக இறுகும். மணாலியில் அடித்த காற்று தங்லங்லாவில் 4 பிஎஸ்ஐ போலக் கூடியிருக்கும், காரைக்குடியில் அடித்ததென்றால் 7 வரை. ஜல்லியில் சைக்கிள் துள்ளுகிறதென்றால் கொஞ்சம் காற்றை இறக்குங்கள், பஞ்சர் என்று நினைத்துப் பம்பை எடுக்காதீர்கள்.

பிரேக் பேட் புதிது போட்டு, இன்னொரு ஜோடி ஆளுக்கு ஆள் கையில். ரோதாங் இறக்கம், பாரலாச்சா இறக்கம் எல்லாம் மணிக்கணக்கில் வரும், விடாமல் பிடித்தால் தகடு சூடேறும், விட்டு விட்டுப் பிடியுங்கள். ஹைட்ராலிக் பிரேக் என்றால் உங்களுடையது மினரல் ஆயிலா டாட் ஆயிலா என்று தெரிந்துகொள்ளுங்கள், ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் சீல் போய்விடும். பின் கியரைத் தாங்குகிற சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்போம், அது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு. சைக்கிள் ஒரு தடவை சாய்ந்தால் போதும் வளைந்துவிடும், மணாலியிலும் கிடைக்காது லேயிலும் கிடைக்காது. இப்போதே ஆர்டர் போடுங்கள், வர மூன்று வாரம் ஆகலாம். ஸ்போக் நான்கு, செயின் குயிக் லிங்க் இரண்டு, டியூப் இரண்டு, ஒட்டுப் பொருள்.

பெட்டியில் கட்டும்போது இடது பெடலைக் கழற்றக் கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும், அதற்கு மரை எதிர். எத்தனை பேர் இதில் மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். சக்கரம் கழற்றிய பிறகு பிரேக் பிடியை அழுத்தாதீர்கள், பேடுக்கு நடுவில் அட்டையை மடித்துச் செருகுங்கள். காலிப் பெட்டி என் கடையில் நான்கு இருக்கிறது, காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூராள் – ஜூன் 13

நான் 2022-ல் லேயிலிருந்து கர்துங்லா கணவாய் ஏறியிருக்கிறேன், முழு மணாலி சாலை இல்லை. பலகையில் 18,380 அடி என்று எழுதியிருக்கும், உண்மையான அளவு 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அது எப்படியோ போகட்டும், மேலே நிற்கும்போது ஒரு குறையும் தெரியாது.

குளிர் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் செப்டம்பர் என்றால் 35 டிகிரி, பனி என்பதே மார்கழியில் கோலம் போடும்போது முற்றத்தில் தெரிகிற ஈரம்தான். சர்ச்சு, பாங் இரண்டிலும் செப்டம்பர் இரவு சுழியத்துக்குக் கீழே போகும். பகலில் வெயில் தோலை உரிக்கும், கண்ணாடியும் உதட்டுக்குக் களிம்பும் இல்லாமல் முடியாது. ஏறும்போது வேர்க்கும், கணவாய் உச்சியில் நின்று படம் எடுக்கிற பத்து நிமிடத்தில் அந்த வேர்வை குளிர்ந்துவிடும், உடனே இறக்கம், காற்று. எனக்கு உடம்பு கெட்டது ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். கை விறைத்து பிரேக் பிடிக்க முடியாமல் இறங்கி நடந்தேன். உச்சிக்கு 500 மீட்டர் இருக்கும்போதே நின்று, உள்ளே ஈரமான பனியனை மாற்றி, காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு உச்சி தாண்டுங்கள்.

காலையில் 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் எதிர்காற்று, சாலையைக் கடக்கிற ஓடைகளிலும் வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடும். காலையில் கணுக்கால் அளவு இருந்தது மாலையில் முழங்காலுக்கு வரும்.

சாப்பாடு. தாபாக்களில் ராஜ்மா சோறு, பருப்பு, பரோட்டா, மேகி, தூக்பா கிடைக்கும், சூடாக இருக்கும், ஆனால் உயரம் போகப் போகப் பசி எடுக்காது, கட்டாயப்படுத்தித்தான் சாப்பிட வேண்டும். பழகின ருசி இருந்தால் தொண்டையில் இறங்கும். எங்க அப்பத்தா பொரிவிளங்காய் உருண்டை செய்து கொடுத்தாங்க, கல்லு மாதிரி இருக்கும், பையில் நசுங்காது, வாயில் ஒதுக்கினால் அரை மணி நேரம் கரையும், ஏறும்போது அதுதான் எனக்கு. புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, பருப்புப்பொடி ஒரு பாக்கெட், தாபாவில் வெறும் சோறு வாங்கிப் பிசைந்தால் தலைவலிக்காரர் கூட இரண்டு வாய் சாப்பிடுவார். சீப்புச்சீடை, தட்டை வேண்டாம், எண்ணெய்ப் பண்டம் அங்கே நெஞ்சில் நிற்கிறது, இடத்தையும் அடைக்கும். தண்ணீர் ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிக்கப் பாருங்கள்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: மோரே சமவெளியில் 40 கிலோமீட்டருக்கு மறைவே கிடையாது என்று போனவர்கள் சொன்னார்கள், அதனால் சிலர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இரண்டு பேராக ஓட்டி, ஒரு லுங்கியைப் பிடித்து மறைத்தால் போதும்.

செம்மண்தடம் – ஜூன் 14

அக்கா, பொரிவிளங்காய் உருண்டை என் மனதில் வரவே இல்லை. ஸ்போக்கு கடை அண்ணே, என் சைக்கிளில் இன்று எண்ணிப் பார்த்தேன், முன்னால் 28, பின்னால் 32. மாற்றியாக வேண்டும், சனிக்கிழமை வருகிறேன்.

பயிற்சிக்கு எங்கே போவது? பிரான்மலை சாலை போதுமா?

கண்டனூர்க்காரன் – ஜூன் 14

போதாது. இங்கே கிடைக்கிற ஏற்றங்களில் முதலில் சிறுமலை, திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு, ஒரே நாளில் போய் வந்துவிடலாம். அது பழகியதும் கொல்லிமலை, 70 வளைவு. கடைசியாக வத்தலகுண்டிலிருந்து கோடைக்கானல், ஒரே ஏற்றத்தில் 1,700 மீட்டருக்கு மேல். மூன்றையும் மூட்டையோடு ஏறுங்கள், சும்மா ஏறினால் கணக்கில் சேராது. சக்திமிக்க ஓட்டம் வேண்டாம், பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் மூன்று நான்கு மணி நேரம் விடாமல் மிதிக்கப் பழகுங்கள்.

இதில் ஒன்றை மறக்க வேண்டாம். கோடைக்கானலும் மணாலியும் ஏறத்தாழ ஒரே உயரம், இரண்டும் 2,000 சொச்சம் மீட்டர். தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே 2,695தான், மணாலி சாலையில் முதல் இரவு தங்குகிற மர்ஹி 3,300. கோடை ஏறிவிட்டோம் என்ற தெம்பு காலுக்கு மட்டும்தான் செல்லும்.

முற்றத்துத் திண்ணை – ஜூலை 19

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். டிரெட்மில் சோதனை முடிந்தது, இதய மருத்துவர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், மூன்று வாரமாகப் புதிய மாத்திரையில் ஓட்டிப் பார்க்கிறேன். சிறுமலை ஏறினேன், 14-ம் வளைவில் ஒருமுறை இறங்கினேன், பிறகு முழுதும் மிதித்தேன். மெதுவான திட்டமென்றால் போகலாம், அவசரத் திட்டமென்றால் நான் ஒப்பமாட்டேன் என்று அவரே தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஆச்சியும் உடன் வந்திருந்தாள், அவள் கேட்ட கேள்விகளுக்கே அரை மணி நேரம் ஆயிற்று.

செம்மண்தடம் – ஜூலை 20

புதிய திட்டம். நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்துத் தங்கலை முதலில் எழுதி, பிறகு தூரத்தைப் பொருத்தினேன்.

ஆகஸ்ட் 30 அதிகாலை பல்லவனில் சென்னை, அன்று இரவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், 1-ம் தேதி காலை டெல்லி, இரவுப் பேருந்தில் 2-ம் தேதி மணாலி. சைக்கிள் பெட்டிகள் அதே ரயிலில் பார்சலில் வரும். மணாலியில் இரண்டு இரவு, சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தி சோலாங் வரை ஒரு சின்ன ஓட்டம். வழியில் மண் சரிந்தால் இந்த ஒரு நாள் அதற்குப் போகும்.

4-ம் தேதி மர்ஹி. 5-ம் தேதி ரோதாங் (3,978 மீட்டர்) தாண்டி சிஸ்ஸு, அது 3,100தான், முந்தைய இரவைவிடக் கீழே. 6-ம் தேதி கேலாங் வழியாக ஜிஸ்பா, 7-ம் தேதியும் ஜிஸ்பாவிலேயே. 8-ம் தேதி தார்ச்சா தாண்டிப் பட்சியோ, 3,800. ஜிஸ்பாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான், நாள் பாதியில் முடிந்துவிடும், ஆனால் அங்கேயே நிற்கிறோம். (பட்சியோ ஒரு காலத்தில் திபெத், லடாக் வணிகர்களும் லாஹௌல், குலு ஆட்களும் கூடிச் சரக்கு மாற்றிக்கொண்ட சந்தைத் திடலாம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஊரிலிருந்து வருகிறவன், அந்தத் திடலில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறேன்.) 9-ம் தேதி ஜிங்ஜிங்பார், ஏறத்தாழ 4,270. 10-ம் தேதி பாரலாச்சா தாண்டிச் சர்ச்சு, 4,290. கண்டனூர் அண்ணே, பாருங்கள், இப்போது சர்ச்சுவில் தூங்குகிற உயரம் முந்தைய இரவின் அதே உயரம்தான்.

11 சர்ச்சுவில் ஓய்வு. 12-ம் தேதி கட்டா லூப்ஸ் அடிவாரம், 13-ம் தேதி காலையிலேயே அந்த 21 வளைவு, பிறகு நக்கீலா, 5,000 மீட்டரைத் தாண்டுகிற லாச்சுலுங்லா, இரவு பாங், 4,600. 14 மோரே சமவெளி, டெப்ரிங். 15 தங்லங்லா, இறங்கி ரும்ட்சே. 16 லே. 17, 18 கையில். 19 விமானம்.

வாசலில் இருக்கிற தாளில் இதை எழுதி ஒட்டியிருக்கிறேன், அதற்குக் கீழே ஒரே விதி: காலையில் யாருக்காவது தலைவலி இருந்தால் அன்று யாரும் நகர மாட்டோம். விடுமுறைக்காக யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை.

எனக்குக் கடையை மைத்துனர் பார்த்துக்கொள்கிறார். வங்கி நண்பருக்கு 22 நாள் கிடைத்துவிட்டது. பள்ளி நண்பருக்குக் கிடைக்கவில்லை, செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, எவ்வளவு கேட்டும் முடியவில்லை. மூன்று வருடம் சேர்ந்து ஓட்டியவர், அவரை விட்டுப் போவதில் எனக்கு மனசே இல்லை. 9 நாள் திட்டமாகவே வைத்திருந்தால் அவரும் வந்திருப்பார் என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். அவரே மறுநாள் காலை வந்து, அப்படிக் கூட்டிப்போக வேண்டாம் என்றார்.

கண்டனூர்க்காரன் – ஜூலை 20

தம்பி, தாளை மூன்று தடவை படித்தேன். ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. 8-ம் தேதி பட்சியோவில் மதியமே போய்ச் சேர்ந்து சும்மா இருக்கும்போது கால் துறுதுறுக்கும், அன்றைக்குத்தான் கவனம். தார்ச்சாவுக்கு அப்புறம் போன் சிக்னலை நம்ப வேண்டாம், லடாக்கில் வெளி மாநில பிரீபெய்ட் எண் வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்ட் ஆக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தேதியோடு இந்தத் தாளின் ஒரு நகல் இருக்கட்டும்.

பாங்கில் இராணுவ முகாம் இருக்கிறது, உடம்புக்கு முடியாமல் போனால் கதவைத் தட்டத் தயங்காதீர்கள்.

தேவகோட்டை டாக்டர் – ஜூலை 21

விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கருவி ஒன்று கொண்டுபோங்கள், ஆனால் எண்ணைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள். சர்ச்சுவில் 80 சொச்சம் காட்டினாலும் ஆள் நன்றாக இருப்பார். குளிர்ந்த விரலில் தப்பாகவும் காட்டும். முகத்தைப் பாருங்கள், காலை உணவை முடித்தாரா என்று பாருங்கள்.

புதுவயல் 24 – ஜூலை 21

அண்ணே, நான் முன்பு எழுதியதை மறுபடி படித்தேன். என் நண்பர்களிடம் கேட்டபோது, அந்த 7 நாளில் ஒருவன் சர்ச்சுவிலிருந்து பாங் வரை வண்டியிலேயே படுத்துக்கொண்டு வந்தானாம், அதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்ன கணக்கு தப்பு. கொல்லிமலைக்கு நீங்கள் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள், அடுத்த வருடத்துக்கு நானும் பழக வேண்டும்.

பள்ளிக்கூடத்து மணி – ஜூலை 22

விடுமுறை கிடைக்காத அந்த நண்பர் நான்தான், இதற்காகவே இங்கே கணக்குத் தொடங்கினேன். 12-ம் தேதியிலிருந்து எனக்கு ஐந்து நாள் கிடைக்கிற மாதிரி தெரிகிறது, கூட ஒரு ஞாயிறு. மதுரையிலிருந்து டெல்லி, அங்கிருந்து லே விமானம். நேராக 3,500 மீட்டரில் போய் இறங்குவதால் இரண்டு முழு நாள் படியேறுவதைக்கூட யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் தனியாகச் சொல்லிவிட்டார், அதன்படி இருப்பேன். 16-ம் தேதி காலை உடம்பு ஒத்துழைத்தால் வாடகை சைக்கிள் எடுத்துச் சிந்து ஆற்றோரமாகக் காரு என்கிற ஊர் வரை வருகிறேன். அங்கிருந்து லேவுக்கு நால்வருமாக ஓட்டலாம்.

பொரிவிளங்காய் உருண்டை இரண்டு டப்பா அம்மா செய்கிறார்கள். ஒன்று உங்களோடு மணாலி வழியாக வரட்டும், ஒன்றை நான் கொண்டு வருகிறேன். ஸ்போக்கு கடை அண்ணே, நான்காவது பெட்டி வேண்டாம்.

ஸ்போக்கு கடை (காரைக்குடி) – ஜூலை 22

இருக்கட்டும் சார், எடுத்து வைக்கிறேன். அடுத்த வருடம் கேட்பீர்கள்.

செம்மண்தடம் தம்பி, உங்கள் ஹேங்கர் இன்று வந்துவிட்டது.